கையேடு கேட்கும் தரநிலை இன்று எந்த டப்பாவிலும் இல்லை: என்ன ஆயில் ஊற்றுவது?

செங்கதிர்95

வணக்கம். என்னிடம் இருப்பது 1995-இல் வெளிவந்த பெட்ரோல் கார். டர்போ கிடையாது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உண்டு. முந்தைய உரிமையாளர் கையேட்டைப் பத்திரமாக வைத்திருந்து வண்டியோடு கொடுத்தார். என்ஜின் ஆயில் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "ஏபிஐ எஸ்எச் அல்லது சிசிஎம்சி ஜி5. கிரேடு 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40."

இன்று விற்கும் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. எஸ்என், எஸ்பி, ஏ3/பி4, சி3 என்று ஏதேதோ இருக்கிறது. எஸ்எச் எங்கும் இல்லை. சிசிஎம்சி என்ற பெயரையே காணவில்லை. மெக்கானிக் ஒருவர் "புதியது எதுவானாலும் பழையதைவிட மேல்" என்கிறார். இன்னொருவர் "பழைய என்ஜினுக்குப் புது ஆயில் ஒத்துக்கொள்ளாது" என்கிறார். இருவருமே அனுபவசாலிகள். யார் சொல்வதைக் கேட்பது? என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது; அப்படியே நீடிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

வால்வு மூடி

வணக்கம் செங்கதிர். உங்கள் மெக்கானிக்குகள் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எங்கே பொருந்தும் என்பதுதான் கேள்வி.

உங்கள் கையேட்டின் ஒரே வரியில் இரண்டு வேறு குடும்பங்கள் இருக்கின்றன. ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். அதன் பெட்ரோல் வரிசை ஓர் ஏணி. எஸ்ஏ-வில் தொடங்கி எஸ்எஃப், எஸ்ஜி, எஸ்எச் என்று ஏறி, 2001-இல் எஸ்எல், 2004-இல் எஸ்எம், 2010-இல் எஸ்என், 2020-இல் எஸ்பி, 2025-இல் எஸ்க்யூ என்று வந்து நிற்கிறது. மேல்படி ஒவ்வொன்றும் கீழ்ப்படிகளின் தேவையையும் நிறைவு செய்யும் என்பது ஏபிஐயின் நிலைப்பாடு. எஸ்எச் இன்று காலாவதியான பிரிவு. அது இருந்த இடத்தில் எஸ்என் அல்லது எஸ்பி ஆயிலைத் தாராளமாக ஊற்றலாம். முதல் மெக்கானிக் சொன்னது இந்த வரிசைக்கு முழுக்கப் பொருந்தும்.

சிசிஎம்சி கதை வேறு. அது ஐரோப்பிய கார் உற்பத்தியாளர்களின் பழைய அமைப்பு. அதன் இடத்தில் 1991-இல் ஏசிஇஏ வந்தது. 1996-இல் ஏசிஇஏ தன் ஆயில் தரநிலைகளை வெளியிட்டபோது சிசிஎம்சி எழுத்துகள் வழக்கொழிந்தன. ஜி4 இருந்த இடத்துக்கு ஏ2, ஜி5 இருந்த இடத்துக்கு ஏ3 வந்தன. பின்னர் ஏ2 நீக்கப்பட்டது. ஏ3, டீசல் பிரிவோடு சேர்ந்து ஏ3/பி3, ஏ3/பி4 என இரண்டானது. 2021 பதிப்பில் ஏ3/பி3-யும் போய்விட்டது. ஆக, ஜி5-இன் வழித்தோன்றலாக இன்று மிஞ்சியிருப்பது ஏ3/பி4 ஒன்றுதான். அது ஏ3/பி3 கேட்ட என்ஜின்களுக்கும் பொருந்தும் என்று ஏசிஇஏவே சொல்கிறது.

ஏசிஇஏ வரிசையில் எழுத்தும் எண்ணும் ஏறினால் தரமும் ஏறும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஏ5/பி5 என்பது ஏ3/பி4-இன் அடுத்த படி அல்ல. அது வேறு வகை என்ஜினுக்கான ஆயில். அதன் படலம் வேண்டுமென்றே மெல்லியதாக வைக்கப்படுகிறது. அதற்கென வடிவமைக்காத என்ஜின்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம் என்ற எச்சரிக்கை ஏசிஇஏ ஆவணத்திலேயே இருக்கிறது. இரண்டாவது மெக்கானிக் சொன்னது இந்த இடத்தில்தான் சரி.

உங்கள் வண்டிக்கு என் பரிந்துரை: 10டபிள்யூ-40, ஏ3/பி4, கூடவே ஏபிஐ எஸ்என் அல்லது அதற்கு மேல். தேடினால் எளிதாகக் கிடைக்கும் சேர்க்கை அது.

தூறல்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? பழைய என்ஜின் என்றால் தேய்ந்திருக்கும். இன்னும் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தமும் குறையும், ஆயில் எரிவதும் குறையும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

வால்வு மூடி

தூறல், கையேட்டில் 20டபிள்யூ-50 இருந்தால் தயங்காமல் ஊற்றலாம். அந்தக் காலத்துக் கையேடுகள் பலவற்றில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடு அட்டவணை இருக்கும். செங்கதிர் அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்று அவரே சொல்கிறார். அப்படிப்பட்ட என்ஜினில் கிரேடை ஏற்றுவதால் என்ன ஆதாயம்? குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது தடித்த ஆயில், மேலே வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் வரை போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானத்தின் பெரும்பகுதி என்ஜின் சூடேறும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஆயில் எரிகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியவை கிராங்க் கேஸ் காற்றோட்ட வால்வு, வால்வு தண்டு சீல்கள், பிஸ்டன் ரிங்குகள். பழுதை ஆயிலின் தடிமனால் மூடிவைத்தால், அது உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

மசகாய்வு

மசகு எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன். "மெல்லிய படலம்" என்று வால்வு மூடி சொன்னதற்கு அளவு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

டப்பாவில் இருக்கும் 40 என்ற எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயில் தன் எடையால் வழிந்தோடும் வேகத்தை வைத்து வருவது. ஓடும் என்ஜினின் பேரிங்கில் ஆயில் அப்படிச் சாவகாசமாக வழிவதில்லை. கடும் சூட்டில், நூலிழை இடைவெளியில், மிகுந்த வேகத்தில் பிசையப்படுகிறது. அந்த நிலையை 150 டிகிரியில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி அளக்கும் பாகுத்தன்மைக்கு எச்டிஎச்எஸ் என்று பெயர். அலகு மில்லிபாஸ்கல்-விநாடி. ஏ3/பி4 ஆயிலில் இது 3.5-க்குக் குறையக் கூடாது. ஏ5/பி5-இல் 2.9 முதல் 3.5 வரை. சி5-இல் 2.6 முதல் 2.9 வரை.

1990-களின் ஐரோப்பிய என்ஜின்களில் மிகப் பல, 3.5 என்ற அந்த அடிமட்டத்தை எண்ணித்தான் வடிவமைக்கப்பட்டன. பேரிங் அகலம், ஆயில் பம்பின் கொள்ளளவு எல்லாமே அதை ஒட்டியவை. தரநிலையின் பெயர் காலாவதியாகலாம். பேரிங்கின் தேவை மாறுவதில்லை. எனவே மாற்று ஆயில் தேடும்போது நான் முதலில் பார்ப்பது எச்டிஎச்எஸ். ஏபிஐ எழுத்து அதற்குப் பிறகுதான்.

இன்னொரு செய்தி செங்கதிருக்கு நிம்மதி தரும். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் ஜே300 என்ற கிரேடு தரநிலைப்படி 10டபிள்யூ-40 ஆயிலுக்கு எச்டிஎச்எஸ் குறைந்தது 3.5 இருக்க வேண்டும், 15டபிள்யூ-40-க்கு 3.7. கையேடு சொன்ன கிரேடை விட்டு விலகாதவரை, ஏசிஇஏ குறியீடு இல்லாத டப்பாவாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் பாதுகாப்பாகவே இருக்கிறீர்கள். 5டபிள்யூ-30-க்குத் தாவினால் அந்த உறுதி போய்விடுகிறது: அங்கே ஜே300 கேட்பது 2.9 மட்டுமே. 3.5-க்கு மேலுள்ள 5டபிள்யூ-30 ஆயில்களும் உண்டு. சி3 அல்லது ஏ3/பி4 குறியீட்டை வைத்து அவற்றைக் கண்டுகொள்ளலாம்.

செங்கதிர்95

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டவணையைப் பார்த்தேன், 15டபிள்யூ-40 வெப்பமான பகுதிகளுக்கு, 10டபிள்யூ-40 எல்லாவற்றுக்கும் என்று இருக்கிறது. ஒரு சந்தேகம். சி3-யிலும் எச்டிஎச்எஸ் 3.5 என்றால் அதை ஊற்றலாமா? "புதிய தலைமுறை" என்று அதைத்தான் எல்லோரும் முன்னே எடுத்து வைக்கிறார்கள்.

மசகாய்வு

ஊற்றினால் என்ஜின் கெட்டுவிடாது. ஆனால் உங்களுக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை. சி வரிசை முக்கியமாக, புகையில் உள்ள கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டி போன்றவற்றைக் காப்பதற்காகப் பிறந்தது. ஆயில் எரிந்தால் மிஞ்சும் சல்பேட் சாம்பல் வடிகட்டியை அடைக்கும் என்பதால் சி3-யில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாம்பலைக் குறைக்க, அமிலத்தை முறிக்கும் உலோகச் சேர்மங்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது. அதனால் கார எண் என்று நாங்கள் அளப்பது சி3-யில் 6 இருந்தாலே போதும். ஏ3/பி4-இல் 10 வேண்டும்.

உங்கள் வண்டியில் துகள் வடிகட்டி இல்லை. இல்லாத ஒன்றைக் காப்பதற்காக, இருக்கும் என்ஜினின் அமிலத் தாங்குதிறனை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? எரிபொருளில் கந்தகம் அதிகமுள்ள இடம் என்றால் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். கந்தகம் எரிந்துதான் அமிலமாகிறது.

நீள்சாலை

இதே தலைவலி எனக்கும். 2004-ஆம் ஆண்டு டீசல் கார், ஃபோக்ஸ்வாகன் குழும என்ஜின், நான்கு சிலிண்டர். கையேடு அந்தக் குழுமத்தின் 505 01 என்ற ஆயில் தரநிலையைக் கேட்கிறது. அந்த எண் உள்ள டப்பா அரிதாகிவிட்டது. 507 00 உள்ளவை நிறையக் கிடைக்கின்றன. 509 00 என்றும் ஒன்று வந்திருக்கிறது, எண் இன்னும் பெரியது. எதை எடுப்பது?

வால்வு மூடி

நீள்சாலை, 509 00-ஐத் தொடவே தொடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுடையது பம்ப்-இன்ஜெக்டர் என்ஜின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர். அதை அழுத்துவது கேம் ஷாஃப்ட். டீசலின் அழுத்தம் ஏறத்தாழ 2,000 பார் வரை போகும். அந்த பாரம் முழுவதும் கேமின் ஒரு சின்னப் பரப்பில் இறங்குகிறது. 505 01 என்ற தரநிலை உருவானதே அந்தப் பரப்பைக் காக்கத்தான். அதைக் கவனிக்காமல் "நல்ல டீசல் ஆயில்" என்று ஏதோ ஒன்றை ஊற்றி, கேம் லோப் தேய்ந்து போன வண்டிகள் ஏராளம்.

507 00 அதே குழுமத்தின் அடுத்த தலைமுறை. 505 00, 505 01, 506 00 ஆகியவற்றின் இடத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. உங்கள் நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு அது பொருந்தும். விதிவிலக்கு ஒன்று உண்டு: 2006-இன் 22-ஆவது வாரத்துக்கு முன் தயாரான ஐந்து சிலிண்டர் டீசலும் வி10 டீசலும். அவற்றுக்கு 506 01 தான் வேண்டும். இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது அந்த என்ஜின் இருந்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

508 00, 509 00 இரண்டும் 0டபிள்யூ-20 ஆயில்கள், எச்டிஎச்எஸ் 2.6-இலேயே தொடங்கிவிடும். பழைய என்ஜின்களுக்கு அவை கூடவே கூடாது. கலந்துவிடாமல் இருக்க அவற்றுக்குப் பச்சை நிறமே ஏற்றியிருக்கிறார்கள். எண் பெரியது என்பதால் எடுத்துவிடும் ஆபத்து உற்பத்தியாளருக்கே தெரிந்திருக்கிறது.

மசகாய்வு

டீசல் பேச்சு வந்ததால் ஏபிஐயின் டீசல் வரிசையையும் சொல்ல வேண்டும். சிஎச்-4, சிஐ-4, சிஜே-4, சிகே-4 என்பது ஏறத்தாழ ஏணி போலவே போகிறது. ஆனால் சிகே-4 வந்தபோதே எஃப்ஏ-4 என்ற ஒன்றும் வந்தது. அது எரிபொருள் சிக்கனத்துக்காக எச்டிஎச்எஸ்-ஐ 2.9 முதல் 3.2-க்குள் அடக்கிய 30 கிரேடு ஆயில். சிஐ-4 கேட்கும் பழைய டீசல் என்ஜினுக்கு சிகே-4 ஊற்றலாம், எஃப்ஏ-4 கூடாது. இரண்டும் ஒரே காலத்தவை, இரண்டும் புதியவை. எது பழையதை ஏற்கும் என்பதைத் தேதி சொல்லாது. அந்தந்த அமைப்பின் ஆவணம்தான் சொல்லும்.

சிஜே-4-இலிருந்து சாம்பலுக்கு 1.0 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. கந்தகம் மிகுந்த டீசல் கிடைக்கும் இடங்களில் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பழந்தேர்

உங்கள் பேச்செல்லாம் 1990-களுக்குப் பிந்தியது. என்னிடம் இருப்பது 1970-களின் கார். வால்வுகளைத் தள்ளும் டாப்பட் தட்டை வகை, கார்புரேட்டர். கையேடு கேட்பது ஏபிஐ எஸ்இ, கிரேடு 20டபிள்யூ-50. புதிய ஆயில்களில் துத்தநாகத்தைக் குறைத்துவிட்டார்கள், கேம் தின்றுபோகும் என்று பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். எஸ்பி, எஸ்இ-யையும் நிறைவு செய்யும் என்கிறீர்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அதற்காகவே சீல் உடைக்காத பழைய எஸ்எஃப் டப்பாக்கள் சிலவற்றைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன்.

மசகாய்வு

நல்ல கேள்வி, பழந்தேர் ஐயா. விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் பொருள் சுருக்கமாக இசட்டிடிபி. துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த சேர்மம். உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் சூட்டாலும் அழுத்தத்தாலும் சிதைந்து, ஒரு கண்ணாடிப் படலம் போலப் படிந்து பரப்பைக் காக்கும். தட்டை டாப்பட் கேமின் மீது உருளாமல் வழுக்கிச் செல்வதால் அதற்கு இந்தப் படலம் மிகவும் தேவை. அதே பாஸ்பரஸ், எரிந்த ஆயிலோடு புகைபோக்கிக்குப் போய்க் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் வினையூக்கியை முடக்குகிறது. அதனால்தான் படிப்படியாகக் குறைத்தார்கள்: 1990-களின் தொடக்கத்தில் 0.12 சதவீதம், பிறகு 0.10, 2004-க்குப் பின் 0.08.

பலருக்குத் தெரியாத செய்தி, இந்த 0.08 வரம்பு எல்லா கிரேடுக்கும் இல்லை என்பது. எரிபொருள் சிக்கன கிரேடுகளான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20, 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்றவற்றுக்குத்தான் அது. 10டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றுக்கு உச்சவரம்பு வைக்கப்படவில்லை. குறைந்தது 0.06 சதவீதம் இருக்க வேண்டும் என்ற அடிமட்டமோ எல்லாவற்றுக்கும் உண்டு. ஆகவே உங்கள் கையேடு கேட்கும் 20டபிள்யூ-50-இல், எஸ்என் எழுத்தோடு, போதுமான பாஸ்பரஸ் உள்ள ஆயில் இன்றும் கிடைக்கும். தயாரிப்பாளரின் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். துத்தநாகம், பாஸ்பரஸ் அளவுகளைப் பலர் அதில் அச்சிடுகிறார்கள். 0.10 முதல் 0.12 சதவீதம் பாஸ்பரஸ் இருந்தால், வால்வு ஸ்பிரிங்குகள் தொழிற்சாலையில் வைத்தவையாக இருக்கும் பட்சத்தில், நான் கவலைப்பட மாட்டேன். புதிய கேம் போட்டு ஓட்டிப் பழக்கும் நாட்கள் வேறு. அப்போது அதற்கென்று உள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும்.

தனியாகப் புட்டியில் விற்கும் துத்தநாகச் சேர்மத்தை வாங்கி நீங்களே கலக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயிலில் உள்ள சேர்மங்கள் ஒன்றோடொன்று சமன் செய்யப்பட்டவை. அளவு மீறிய இசட்டிடிபி உலோகத்தையே அரிக்கத் தொடங்கும்.

பழைய எஸ்எஃப் டப்பாக்களை ஊற்ற வேண்டாம். சேர்மங்களில் சில காலப்போக்கில் அடியில் படியும்; உள்ளே ஈரம் சேர்ந்திருக்கலாம். அது தயாரான காலத்தில் கசடு உருவாவதற்கு எதிரான சோதனைகளும் இன்றைய அளவுக்குக் கடுமையாக இல்லை. அந்த டப்பாக்கள் அலமாரிக்கு அழகு.

பழந்தேர்

கிரேடுக்குக் கிரேடு வரம்பு மாறும் என்பதை இன்றுதான் அறிகிறேன். இத்தனை பேர் துத்தநாகம் துத்தநாகம் என்று பேசியும் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. தரவுத் தாளைக் கேட்டு எழுதுகிறேன். சிந்தெடிக் ஊற்றினால் பழைய சீல்கள் கசியும் என்பது உண்மையா?

வால்வு மூடி

சிந்தெடிக் ஆயில் சீலைத் தின்பதில்லை. இன்றைய ஆயில்கள் சீல் ரப்பரோடு ஒத்துப்போகின்றனவா என்ற சோதனையைத் தாண்டித்தான் வருகின்றன. நடப்பது என்னவென்றால், ஆயில் உள்ளே படிந்த கசடைக் கழுவும்போது, அந்தக் கசடே அடைத்து வைத்திருந்த பழைய வெடிப்பு வெளியே தெரிகிறது. சீல் ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் அதற்குப் பொருள். கசடு நிறைந்த என்ஜினாக இருந்தால், முதல் ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

நீள்சாலை

மற்ற நிறுவனங்களின் பழைய எண்களுக்கும் இப்படி வாரிசு உண்டா? நண்பர்கள் பலர் கேட்கிறார்கள்.

வால்வு மூடி

உண்டு. நன்றாகத் தெரிந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸின் ஐரோப்பிய கார்களுக்கான எல்எல்-ஏ-025, எல்எல்-பி-025 இருந்த இடத்தில் டெக்சோஸ்2 வந்தது. ஃபோர்டின் 913-ஏ, 913-பி, 913-சி கேட்ட இடத்தில் 913-டி. ரெனோவின் ஆர்என்0700, ஆர்என்0710 இரண்டுக்கும் ஆர்என்17. பட்டியல் நீளமானது, உங்கள் கார் நிறுவனத்தின் தற்போதைய சேவை ஆவணத்தில் "இதற்குப் பதிலாக" என்ற பத்தியைத் தேடுங்கள். அச்சிட்ட கையேடு அச்சான நாளோடு நின்றுவிடுகிறது, நிறுவனமோ பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறது.

மசகாய்வு

டப்பாவின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஒப்புதல் பெற்றது" என்றால் கார் நிறுவனம் அந்த ஆயிலைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறது. "தேவைகளை நிறைவு செய்கிறது", "பரிந்துரைக்கப்படுகிறது" என்றால் அதைச் சொல்வது ஆயில் விற்பவர். எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. காலாவதியான தரநிலைக்குப் புதிதாக ஒப்புதல் வாங்க வழியே இருக்காது. நேர்மையான தயாரிப்பாளரும் "நிறைவு செய்கிறது" என்றுதான் எழுத முடியும். ஆனால் 507 00 போல நடப்பில் இருக்கும் தரநிலைக்கும் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அடுத்த டப்பாவைப் பார்ப்பேன். ஏபிஐ விஷயத்தில் வட்ட முத்திரையைத் தேடுங்கள்: மேல் வளைவில் பிரிவு, நடுவில் கிரேடு. உரிமம் உண்மையா என்று ஏபிஐயின் பொதுப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

செங்கதிர்95

10டபிள்யூ-40, ஏ3/பி4, எஸ்என் முத்திரையோடு வாங்கிவிட்டேன். கடைசியாக இரண்டு கேள்விகள். ஆயில் புதிய தரம் என்பதால் மாற்றும் இடைவெளியை நீட்டலாமா? அளவு குறைந்தால் வேறு நிறுவனத்தின் ஆயிலைச் சேர்க்கலாமா?

மசகாய்வு

இடைவெளியை நீட்டாதீர்கள். கையேடு சொன்ன கிலோமீட்டரும் மாதமும் அப்படியே இருக்கட்டும். ஆயில் மேம்பட்டிருக்கலாம், ரிங்குகளைத் தாண்டி வரும் வாயுவும், குறுகிய ஓட்டங்களில் ஆயிலில் கலக்கும் பெட்ரோலும் ஈரமும் 1995-இல் இருந்தவைதான்.

அவசரத்துக்கு வேறு நிறுவன ஆயிலைச் சேர்க்கலாம். ஏபிஐ உரிமம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று பிரியாமல் கலக்கின்றனவா என்பது உரிமத்துக்கான சோதனைகளில் ஒன்று. அதே கிரேடு, அதே ஏ3/பி4 ஆகப் பார்த்துச் சேருங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள்.

செங்கதிர்95

நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறேன். ஃபில்டரும் வாங்கியாயிற்று.

பழந்தேர்

தரவுத் தாள் வந்துவிட்டது. 20டபிள்யூ-50, எஸ்என், பாஸ்பரஸ் 0.11 சதவீதம். இதையே ஊற்றுகிறேன்.